மங்கலாக இருப்பது பழைய படமா, அதன் பிரதியா?

பழைய ஒளிநாடாக்களையும் வட்டுகளையும் கணினிக்கு மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வருவோரில் பலர், "பழைய படம் என்றால் மங்கலாகத்தானே இருக்கும், தம்பி" என்று முன்கூட்டியே மனத்தைத் தேற்றிக்கொண்டு வருகிறார்கள். சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக் கடைகளில் வாங்கிச் சேர்த்த வட்டுகள் இன்னும் எத்தனையோ வீவக அடுக்குமாடி வீடுகளில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளும் அந்தக் காலத்து ஒளிப்பதிவே அப்படித்தான் என்று நம்பிவிட்டார்கள். உண்மை அதுவன்று. நன்கு பாதுகாக்கப்பட்ட 35 மி.மீ. மூலச்சுருளில் எச்டி திரைக்குத் தேவையானதைவிடக் கூடுதலான நுணுக்கம் இருக்கிறது. பெரும்பாலும் குறை நம் கைக்கு வந்த பிரதியிலும், நம் தொலைக்காட்சியின் அமைப்பிலும்தான் இருக்கிறது.

பிரதி எப்படிக் கெடுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளிகள். அதற்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட் தரவு ஒதுக்கப்படுகிறது. டிவிடியில் 720-க்கு 576 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு. ஆனால் மூன்று படங்களை ஒரே தட்டில் அடைத்து விற்ற டிவிடியை எடுத்துக்கொள்ளுங்கள். 4.7 ஜிகாபைட் வட்டில் 160 நிமிடப் படம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு ஏறத்தாழ 3.9 மெகாபிட் கிடைக்கும். மூன்று இருந்தால் 1.3 மெகாபிட்தான், அதிலும் ஒலிக்கு ஒரு பங்கு போய்விடும். விசிடிக்குக் கிடைத்த அதே தரவை நான்கு மடங்குப் புள்ளிகளுக்குப் பங்கிட்டால், மழைக் காட்சியும் கூட்டக் காட்சியும் கட்டம் கட்டமாக உடையாமல் என்ன செய்யும்? இதற்கு ஒளிப்பதிவாளர் மீது பழி போடுவது அநியாயம். இத்தகைய வட்டுகளிலிருந்தே எடுத்துப் பெரிதாக்கி, 4கே என்று பெயர் சூட்டி இணையத்தில் ஏற்றுவோரும் உண்டு. புள்ளிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, தொலைந்துபோன விவரம் திரும்பாது. படச்சுருளுக்கே உரிய நுண்துகள்களை அழிக்கும் மென்பொருளோ முகங்களை மெழுகுப் பொம்மைகளாக்கிவிடுகிறது.

திரையின் வடிவத்தையும் கவனிக்க வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான ‘ராஜராஜ சோழன்’ வந்தது 1973-இல். அதற்கு முந்தைய படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தை ஒட்டிய சட்டத்தில் எடுக்கப்பட்டவை. ஆகவே அக்காலப் படம் ஒன்று உங்கள் 16:9 திரையைக் கறுப்புப் பட்டையின்றி நிறைத்தால், அதை இழுத்திருக்கிறார்கள் அல்லது வெட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். இழுத்தால் முகம் மூன்றில் ஒரு பங்கு அகன்றுபோகும். வெட்டினால் மேலும் கீழுமாகக் கால் பங்குக் காட்சி போய்விடும். நடனக் காட்சியில் இது அப்பட்டமாகத் தெரியும்: சலங்கை ஒலி கேட்கும், அடவு வைக்கும் பாதம் சட்டத்துக்கு வெளியே இருக்கும். கறுப்புப் பட்டை பழுதன்று என்று வீட்டாருக்குப் புரியவைக்கத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

வயதைக் குற்றம் சொல்லத்தக்க இடமும் உண்டு. பழைய வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறுவதால் படம் முழுவதும் இளஞ்சிவப்பேறிக் கிடக்கும். அதையும் ஓரளவு திருத்த முடியும்.

ஒலிக்கு வருவோம். பாட்டு வகுப்பு நடத்தும் அம்மா ஒருவர், தாம் கொண்டுவந்த நாடாவில் பாடலின் சுருதி ஏறியிருக்கிறது என்றார். சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 தனிப் படங்கள், ஓடுவது. சிங்கப்பூரின் பழைய ஒளிபரப்பிலும் நாடாக்களிலும் வழங்கிய ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையோ நொடிக்கு 25 சட்டங்கள். அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. குரலும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக மேலேறுகிறது. மாற்றும்போதே வேகத்தை 24-க்குக் குறைத்தால் சுருதி தன் இடத்துக்கு வந்துவிடும் என்பதால், பணியை ஒப்படைக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அக்காலப் படங்களில் ஒலி பெரும்பாலும் படச்சுருளின் ஓரத்தில் பதிவான ஒற்றைத் தடம்தான். அதைச் சுற்றிலும் ஒலிக்கும் 5.1 பல தட ஒலியாக்கியதாகச் சொல்லும் வட்டுகள் பலவற்றில் நாம் கேட்பது பிற்பாடு சேர்த்த எதிரொலியை. இரைச்சலை நீக்குவதாக உயர் அதிர்வெண்களை வெட்டியதில் மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்க முகம்) நாதம் மழுங்கிவிடுகிறது. மூல ஒற்றைத் தடம் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சவுண்ட்பாரின் சரவுண்ட் வசதியை அணைத்துவிடுங்கள்.

தொலைக்காட்சியில் ‘விவிட்’ என்பதை விட்டு ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாறுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்தி, கூர்மையை நன்கு குறையுங்கள். சரியான படம் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்க, கேனிங் ரைஸிலுள்ள ஓல்டம் அரங்கில் ஆசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் மீட்டெடுத்த பழைய படங்களைத் திரையிடும்போது சென்று பாருங்கள்.

நாடா வைத்திருப்போர் தாமதிக்கக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும். நாடாப் பேழையின் சிறு சாளரம் வழியே நாடாச் சுருளின் ஓரத்தில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அதை ஓட்டிப் பார்க்காதீர்கள். பூஞ்சை கருவிக்குள் புகுந்து அடுத்த நாடாவுக்கும் பரவும். இந்த நாடாக்களை ஓட்டும் விஎச்எஸ் கருவியைத் தயாரித்த கடைசி நிறுவனமும் 2016-இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மாற்றி முடித்த பிறகும் மூல நாடாவைக் குப்பையில் போடாமல், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள்.