முட்டி வலின்னு வர்ற பிள்ளைக்கு இடுப்பையும் பாருங்க

13 வயசுப் பையன், கொஞ்சம் உடம்பு போட்ட பிள்ளை, அம்மாவோட உள்ள வர்றான். "ரெண்டு மாசமா முட்டி வலி முட்டி வலின்னு சொல்றான் டாக்டர், எக்ஸ்ரேல முட்டி நல்லாத்தான் இருக்குன்னுட்டாங்க, வளர்ற வயசு வலின்னு நாங்களும் விட்டுட்டோம்"னு அம்மா சொல்றதுக்குள்ள நான் அவன் நடந்து வந்ததப் பார்த்துடுறேன். ஒரு கால தாங்கித் தாங்கி வைக்கிறான், அந்தப் பக்கத்துப் பாதம் வெளிப்பக்கமா திரும்பி இருக்கு. படுக்க வச்சு முட்டிய மெதுவா நெஞ்சுகிட்ட மடக்குறேன், நல்ல கால் நேரா தோள் பக்கமா வருது, வலிக்கிற கால் மடக்க மடக்க தானாவே வெளியில சாயுது, உள்பக்கமா லேசா திருப்பினாலே முகம் சுருங்குது. இதுக்கு மேல அவன நடக்க விடமாட்டேன், எக்ஸ்ரே ரூமுக்கே வீல்சேர்லதான் போகணும்னு சொன்னா அம்மா பயந்துடுறாங்க, முட்டி வலிக்கு எதுக்கு வீல்சேர்னு.

பிரச்சனை முட்டியில இல்லைங்க, இடுப்பு மூட்டுல. தொடை எலும்போட உச்சியில பந்து மாதிரி ஒரு தலை, அதுக்குக் கீழ கழுத்து, ரெண்டுக்கும் நடுவுல வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்தெலும்பு. எலும்பு நீளமாகுறதே அங்கதான். திடுதிடுன்னு வளர்ற வயசுல அந்தத் தட்டு, ரெண்டு செங்கல்லுக்கு நடுவுல இன்னும் காயாத சிமெண்ட் மாதிரி இளக்கமா இருக்கும், மேல பாரம் கூடினா நழுவும். தலை இடுப்பெலும்புல இருக்கிற கிண்ணத்துக்குள்ளயே உக்காந்திருக்கும், கழுத்துதான் முன்னாடியும் வெளிப்பக்கமும் விலகும், அதனாலதான் பாதம் திரும்புது. ஸ்லிப்டு கேபிட்டல் ஃபெமரல் எபிஃபைசிஸ்னு பேரு, நாங்க சுருக்கமா எஸ்சிஎஃப்இன்னு சொல்வோம்.

அப்ப முட்டி ஏன் வலிக்குதுன்னு எல்லாரும் கேக்குறாங்க. இடுப்பு மூட்டுக்குப் போற ஒரு நரம்போட கிளை முட்டிப் பக்கமும் போகுது, அதனால மூளைக்கு வலி முட்டியில இருந்து வர்ற மாதிரி தெரியும், பிள்ளை பொய் சொல்லல. பயிற்சிக் காலத்துல நானே இதுல தப்பு பண்ணிருக்கேன். முட்டி வலின்னு வந்த பொண்ணுக்கு முட்டிய மட்டும் படம் எடுத்துப் பார்த்து அனுப்பிட்டோம், மூணு வாரம் கழிச்சு படியில லேசா தடுக்கினவ அப்புறம் கால ஊனவே முடியாம ஸ்ட்ரெச்சர்ல வந்தா. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கல.

ஊனி நடக்க முடியுதா இல்லையாங்கறதுலதான் எல்லாமே இருக்கு. ஊன்றுகோல் வச்சாவது நடக்க முடிஞ்சா நிலையான நழுவல், அதுவும் முடியலைன்னா நிலையில்லாதது. 1993ல லோடர்ங்கற எலும்பு டாக்டரும் அவரோட குழுவும் வெளியிட்ட ஆய்வுல நிலையில்லாத 30 இடுப்புல 14ல தலைக்குப் போற ரத்த ஓட்டம் கெட்டு எலும்பு செத்துப் போச்சு, நிலையா இருந்த 25ல ஒண்ணுல கூட அப்படி ஆகல. இன்னிக்கு நொண்டி நொண்டியாவது நடக்கிற பிள்ளை நாளைக்கு ஒரு தடுக்கல்ல நிலையில்லாத பக்கம் போயிடலாம், அதனாலதான் வீல்சேர், அதனாலதான் "அடுத்த வாரம் லீவுல வர்றோம்"னு சொன்னா நான் ஒத்துக்கறதில்ல, அன்னிக்கே அட்மிஷன்.

பெரும்பாலும் 10ல இருந்து 16 வயசுக்குள்ள வரும், பையன்களுக்கு அதிகம், எடை கூடின பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். ஒல்லியான பிள்ளைக்கு வராதுன்னு இல்ல. 10 வயசுக்குக் கீழயோ 16க்கு மேலயோ வந்தா, இல்ல வயசுக்கேத்த உயரம் இல்லைன்னா, தைராய்டு, கிட்னி, மத்த ஹார்மோன் எல்லாம் பார்த்தே ஆகணும். எக்ஸ்ரேல ரெண்டு இடுப்பும் தெரியணும், நேர் படம் மட்டும் போதாது, லேசான நழுவல் பக்கவாட்டுப் படத்துலதான் பிடிபடும்.

சிகிச்சை ஆபரேஷன்தான். மாத்திரைக்கும் பெல்ட்டுக்கும் இது நிக்காது, நீவி விடறதும் இழுத்துப் பாக்குறதும் கெடுதல். சின்னதா ஒரு கீறல், படம் பார்த்துக்கிட்டே கழுத்து வழியா தலையோட நடு மையத்துக்கு ஒரு ஸ்க்ரூ. நழுவினத பழைய இடத்துக்கு ஏன் தள்ளலைன்னு அப்பாக்கள் கேப்பாங்க, நியாயமான கேள்வி, ஆனா பலவந்தமா தள்ளினா இருக்கிற ரத்தக் குழாயும் போயிடும், அதனால பெரும்பாலும் இருக்கிற இடத்துலயே நிறுத்துறதுதான் வேலை. ரொம்ப விலகிப் போனதுக்கு வேற பெரிய ஆபரேஷன்கள் உண்டு, அது அந்த அனுபவம் உள்ளவங்க செய்யணும். லேட்டாக லேட்டாக நழுவின கோணம் கூடும், கோணம் கூடினா சின்ன வயசுலயே மூட்டுத் தேய்மானம், அதத்தான் தடுக்கப் பாக்குறோம்.

இன்னொன்னு, மறுபக்கத்து இடுப்பு. ஒரு பக்கம் நழுவின நிறைய பிள்ளைகளுக்கு மறுபக்கமும் நழுவும், அதுவும் பெரும்பாலும் முதல் 18 மாசத்துக்குள்ள. ரொம்ப சின்ன வயசு, ஹார்மோன் பிரச்சனை இருந்தா முன்கூட்டியே அங்கயும் ஸ்க்ரூ போட்டுடலாம்னு நான் சொல்வேன், மத்தவங்கள சில மாசத்துக்கு ஒருமுறை வரவச்சு படம் எடுப்பேன். டிஸ்சார்ஜ் அன்னிக்கு பையன்கிட்டயே நேரா சொல்லிடறேன், "தம்பி, நல்ல கால்ல தொடையோ முட்டியோ கவட்டையோ வலிச்சா அன்னிக்கே அம்மாகிட்ட சொல்லு, ஊன்றுகோல எடுத்துக்கோ, நடக்காத"ன்னு. அவன் கேக்குறது எப்பவும் ஒண்ணுதான், எப்ப ஓடலாம்னு. சில வாரம் ஊன்றுகோல், அப்புறம் மெதுவா நடை, ஓட்டமும் குதியும் அந்தத் தட்டு மூடிடுச்சுன்னு படத்துல நான் பார்த்ததுக்கு அப்புறம்.