தினமும் ஒரு ஸ்பூன் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்தால் போதும். புதுச்சேரி, கடலூர் வீடுகளிலிருந்து கூழாகிப்போன லித்தாப்ஸ் (கூழாங்கல் போலிருக்கும் சதைப்பற்றுச் செடி) தொட்டிகள் எங்களிடம் வர ஆரம்பித்துவிடும். விசாரித்தால் எல்லோரிடமும் ஒரே பதில்: "தினமும் ஒரு ஸ்பூன் தண்ணிதாங்க ஊத்துனேன்."

அந்த ஒரு ஸ்பூன்தான் கொன்றது. கொஞ்சமாக ஊற்றினால் அழுகாது என்று யார் கிளப்பிவிட்டார்களோ! இங்கே கணக்கு அளவில் இல்லை, இடைவெளியில் இருக்கிறது. தினமும் ஊற்றினால் மேல்மண் காயவே காயாது. அடியிலுள்ள ஆணிவேருக்கோ நீர் எட்டாது. ஸ்பிரே அடிப்பதும் இதே கூத்துதான். நம் கடற்காற்றில் இல்லாத ஈரமா?

பக்கவாட்டில் சுருக்கம் விழுந்து, அழுத்தினால் லேசாக அமுங்கினால் மட்டும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மண் ஈரமாக இருந்தும் சுருக்கம் போகவில்லையா? வேர் போய்விட்டது. மேலும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று. கூழாங்கல் மாதிரி தெரிவது ஒரு ஜோடி இலை. பூத்து முடிந்ததும் நடுப்பிளவிலிருந்து புது ஜோடி கிளம்பும். பழைய ஜோடியிலுள்ள நீரைக் குடித்துத்தான் வளரும். பழையது வதங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றினால் அது வற்றாமல் புதியதை நெரிக்கும், அல்லது உடல் வெடிக்கும். பழைய இலை காகிதமாகக் காயும்வரை, மாதங்கள் ஆனாலும், சொட்டுத் தண்ணீர் வேண்டாம். பிய்த்தெடுக்கவும் வேண்டாம், தயவுசெய்து.

நமீபியா, தென்னாப்பிரிக்காவின் சரளை நிலத்துச் செடிக்குக் கோகோபீட் (தென்னைநார்த் தூள்) எதற்கு? தூசி போகக் கழுவிய செங்கல் சல்லி (2 முதல் 4 மி.மீ.) ஐந்து பங்கு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல்) இரண்டு பங்கு, மக்கிய இலைத்தூள் ஒரு பங்கு. நாலு அங்குல ஆழ மண்தொட்டி. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலை அள்ளிவந்து போடுகிறவர்களும் உண்டு. அதில் உப்பு, அதோடு நைசாக இறுகிவிடும். கிழக்கு ஜன்னல், காலை வெயில் நாலு மணி நேரம். பாலைவனச் செடிதானே என்று அக்னி நட்சத்திரத்தில் மொட்டைமாடியில் வைத்தால் வெந்துவிடும். மழை நாட்களில் சாரல் படாத இடத்துக்கு மாற்றுங்கள்.

(பளிச்சென்ற நீல நிற லித்தாப்ஸ் விதை என்று ஆன்லைனில் விற்பது சுத்தப் பொய். அப்படி ஒரு செடியே கிடையாது.)

வேர் மட்டும் அழுகியிருந்தால், கெட்டியான சதை தெரியும்வரை சுத்தமான பிளேடால் நறுக்கி, நிழலில் நாலைந்து நாள் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர். நடுப்பிளவே பழுப்பேறி நீர் கசிந்தால் செடியைக் குப்பையில் போடுங்கள். எங்களிடம் தூக்கிவந்து பயனில்லை.