ஆன்லைனில் ஸ்கிராப்புக்கிங் கற்கிறீர்களா? திரையில் தெரியாதவை இவை

படங்களையும் குறிப்புகளையும் அலங்காரத் தாள்களில் ஒட்டி ஆல்பமாக்கும் கைவேலைதான் ஸ்கிராப்புக்கிங். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பலரும் அழகான ஒரு பக்கத்தைச் செய்து முடித்துவிடுகிறார்கள். அது பெரிய கஷ்டமில்லை. அந்தப் பக்கமும் அதில் ஒட்டிய படமும் இருபது, முப்பது வருடம் தாங்குமா என்பதுதான் கேள்வி. காகிதம் எவ்வளவு கனம், பசை எந்த வகை, பிளாஸ்டிக் உறை எதனால் ஆனது என்பதெல்லாம் காணொளியில் தெரியாது. ஆசிரியர் கையில் இருப்பதைத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. தொடக்கநிலையில் நடக்கும் பெரிய இழப்புகள் பெரும்பாலும் இங்கேதான் நடக்கின்றன.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: மூலப் படத்தை ஒட்டவே கூடாது. வீட்டில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது என்றால் அதை ஸ்கேன் செய்து, அச்செடுத்த நகலைத்தான் பக்கத்தில் பயன்படுத்த வேண்டும். 4×6 அங்குலப் படத்தை 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்தால் 2400×3600 பிக்சல் கிடைக்கும். சற்றுப் பெரிதாக்கி அச்சிடவும் அது போதும். கைபேசிப் படமாக இருந்தால் 4×6 அச்சுக்குக் குறைந்தது 1200×1800 பிக்சல் தேவை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருக்கப்பட்டே வந்து சேரும். அதை அச்சிட்டால் முகங்கள் கலங்கித் தெரியும். எடுத்தவரிடமே கேட்டு, மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

பழைய ஒட்டு ஆல்பங்களில், அதாவது பசைக்கோடு போட்ட அட்டையின் மேல் பிளாஸ்டிக் தாள் மூடியிருக்கும் வகையில், இருக்கும் படங்களை நகத்தால் நெம்பி எடுக்காதீர்கள். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும், மெழுகு பூசாத நூலைப் படத்தின் அடியில் நுழைத்து, ரம்பம் போல மெதுவாக முன்னும் பின்னும் இழுத்தால் பசை விட்டுக்கொடுக்கும். அப்படியும் வராவிட்டால் விட்டுவிடுங்கள். படம் அங்கேயே இருக்கட்டும், பக்கத்தோடு சேர்த்து ஸ்கேன் செய்துகொள்ளலாம். உடனடி கேமராவில் வரும் வெள்ளைச் சட்டமுள்ள படங்களைக் கத்தரிக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் ரசாயன அடுக்குகள் பிரிந்துவிடும். பயணச்சீட்டு, ரசீது போன்றவை பெரும்பாலும் வெப்ப அச்சுக் காகிதத்தில் வருகின்றன. சில வருடங்களில் எழுத்து மறைந்துவிடும் என்பதால் அவற்றுக்கும் நகல்தான் வழி.

இனி காகிதம். செய்தித்தாளை வெயிலில் போட்டால் சில நாளிலேயே மஞ்சளாகிவிடுகிறது. மரக்கூழில் மிஞ்சியிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள்தான் காரணம். காகிதத்தில் உள்ள அமிலம் அந்தக் காகிதத்தை மட்டும் கெடுப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் படத்துக்கும் பரவும். ஆகவே உறையில் ‘அமிலமற்றது’ என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. ‘லிக்னின் அற்றது’ என்றும் இருக்க வேண்டும். ‘ஆர்க்கைவல்’, ‘போட்டோ சேஃப்’ போன்ற சொற்களை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம். அவற்றைவிட நம்பத்தக்கது, ஐஎஸ்ஓ 18916 தரத்தின்படி செய்யப்படும் ‘பாட்’ சோதனையில் தேறியதாகச் சொல்லும் குறிப்பு. காகிதமோ பசையோ படத்தைப் பாதிக்குமா என்பதையே அந்தச் சோதனை பார்க்கிறது. கையில் இருக்கும் வெள்ளைத் தாளில் சந்தேகம் வந்தால், அமிலம் இருக்கிறதா என்று காட்டும் பிஎச் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள்: ஊதாவானால் அமிலம் இல்லை, மஞ்சளாகவே நின்றால் அமிலம் இருக்கிறது. வண்ணத் தாளில் இந்தச் சோதனை சரிவராது.

அடிப்பக்கத்துக்கு 200 முதல் 216 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கார்டுஸ்டாக், அதாவது கெட்டியான அட்டைத்தாள், வேண்டும். சாதாரண 80 ஜிஎஸ்எம் அச்சுத்தாளில் நான்கு படத்தை ஒட்டினால் தாள் தொய்ந்துவிடும். பக்கத்தை மூடும் உறை பாலிப்ரோப்பிலீன், பாலிஎத்திலீன், பாலியெஸ்டர் ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கட்டும். பிரித்தவுடன் புது மழைக்கோட்டு போல வாடை அடித்தால் அது பெரும்பாலும் பிவிசி. அதில் இருக்கும் மென்மையூட்டிகள் நாளடைவில் கசிந்து, படத்தின் மேல்பரப்பை உறையோடு ஒட்டவைத்துவிடும். பிரித்தால் படத்தின் நிறமும் கூடவே வரும்.

“என் பக்கம் மட்டும் ஏன் அலை அலையாக நிற்கிறது?” என்று வகுப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. காரணம் நீர் கலந்த பசை. காகித நார் நீரை உறிஞ்சி உப்பும், காயும்போது சுருங்கும். ஆனால் எல்லா இடமும் ஒரே அளவில் சுருங்காததால் தாள் நெளிந்துகொள்ளும். அழுத்தி வைத்தாலும் முழுதாகச் சரியாகாது. பெரிய பரப்புகளுக்கு உலர்ந்த இருபக்க டேப்பையே பயன்படுத்துங்கள். திரவப் பசை சிறு பூக்களுக்கும் பொத்தான்களுக்கும் மட்டும், அதுவும் ஊசிமுனை அளவு. டேப்பை நடுவில் மட்டும் ஒட்டினால் சில மாதத்தில் மூலைகள் தூக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து 3 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நான்கு பக்கமும் சட்டம் போல ஒட்ட வேண்டும். செல்லோ டேப், ரப்பர் சிமெண்ட், சூடான பசைத் துப்பாக்கி மூன்றும் படத்தின் பக்கமே வரக்கூடாது. ஒட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் பக்கத்தில் பரப்பி, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது எது எங்கே இருந்தது என்று தேட வேண்டியதில்லை.

வெட்டுவதில் கொஞ்சம் கணக்குத் தெரிந்தால் தாள் மிஞ்சும். 4×6 படத்தைச் சுற்றி கால் அங்குலத்தில் பாதி, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர், விளிம்பு தெரிய வேண்டுமென்றால், படத்தின் அடியில் வைக்கும் பின்தாள் 4¼×6¼ அங்குலம் இருக்க வேண்டும். 12×12 அங்குலத் தாளில் முதலில் 6¼ அங்குல அகலத்துக்கு ஒரு பட்டையை வெட்டுங்கள். அதிலிருந்து 4¼ அங்குலத்தில் இரண்டு கிடைக்கும். மீதமுள்ள 5¾ அங்குலப் பட்டையைத் திருப்பி, 6¼ நீளத்துக்கு வெட்டி, அகலத்தை 4¼ ஆகக் குறைத்தால் மூன்றாவதும் வந்துவிடும். துண்டுகள் கரை போட உதவும். பெரிய பின்தாளாக இருந்தால் படம் மறைக்கும் நடுப்பகுதியை முன்கூட்டியே வெட்டி எடுத்துவிடலாம். சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் படம் ஒட்ட அதுவே போதும், பக்கத்தின் கனமும் குறையும். வெட்டு பிசிறாக வந்தால் கையை அழுத்தாதீர்கள். தாள் வெட்டும் கருவியான டிரிம்மரின் பள்ளத்தில் சேர்ந்த தூசியைத் துடைத்து, லேசாக இருமுறை ஓட்டிப் பாருங்கள். அப்படியும் பிசிறினால் கத்தி மழுங்கிவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

வகுப்புக்குப் பணம் கட்டும்முன் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாடம் எந்தப் பக்க அளவுக்கு? 12×12-க்கான அமைப்பை ஏ4 தாளில் அப்படியே செய்ய முடியாது; மூன்று படத்தை இரண்டாக்கித்தான் ஆக வேண்டும். பதிவை எத்தனை நாள் பார்க்கலாம்? பொருள் பட்டியலில் அவசியம் எது, விருப்பம் எது என்று பிரித்திருக்கிறார்களா? நீங்கள் செய்த பக்கத்தைப் பார்த்து யாராவது திருத்தம் சொல்வார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்பது பதிலானால், இலவசக் காணொளிக்கும் அந்த வகுப்புக்கும் பெரிய வித்தியாசமில்லை.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் வாங்கிவிடாதீர்கள். ஒரு 12 அங்குல டிரிம்மர், கூரான சிறு கத்தரி, இரும்பு அளவுகோல், பென்சில், பிக்மெண்ட் மை பேனா, இருபக்க டேப், பத்து கார்டுஸ்டாக், பூவும் கோடும் போன்ற வடிவங்கள் அச்சிட்ட தாள் நான்கைந்து. இவ்வளவே முதல் பத்துப் பக்கத்துக்குப் போதும். வடிவம் வெட்டும் இயந்திரத்தைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம். காணொளியை முதல் முறை கத்தரியைத் தொடாமல் முழுதாகப் பாருங்கள். இரண்டாம் முறை நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். நடுவில் ஆசிரியர் ‘இங்கே மாற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்லும்போது உங்கள் தாள் ஏற்கெனவே வெட்டுப்பட்டிருக்கக் கூடாது.

குறிப்பெழுதுவதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு அப்படியே மறந்துவிடுவது பெரிய குறை. 3×4 அங்குல அட்டையில் தனியாக எழுதி ஒட்டினால் பிழை வந்தாலும் பக்கம் தப்பும். இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் முழுப்பெயர், நாள், இடம் எழுதுங்கள். ‘சித்தப்பா’, ‘பாட்டி’ என்று மட்டும் எழுதினால், யாருக்குச் சித்தப்பா, யாருக்குப் பாட்டி என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

செய்த பக்கத்தை வகுப்புக் குழுவில் பகிரச் சொல்வார்கள். அதில் குழந்தையின் முழுப்பெயர், பிறந்த நாள், பள்ளிச் சீருடை எல்லாம் இருக்கக்கூடும். படம் எடுக்கும்போது குறிப்பின் மேல் ஒரு வெற்றுத் தாளை வைத்து மறையுங்கள். முகம் தெரிய வேண்டாமென்றால் அதையும் மறைக்கலாம். கைபேசி கேமராவில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள். படத்தில் இருக்கும் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஆல்பத்தை இருட்டான, உலர்ந்த அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. கூடினால் படத்தின் ஜெலட்டின் பரப்பு பிசுபிசுத்து உறையில் ஒட்டிக்கொள்ளும். பொத்தானும், அலங்காரத்தை உயர்த்திக் காட்ட ஒட்டும் நுரைச் சதுரமும் எதிர்ப்பக்கத்தில் தடம் பதிக்கும் என்பதால் இடையில் ஒரு வெற்று கார்டுஸ்டாக்கைச் செருகுங்கள். ஆறு மாதம் கழித்து முதல் பக்கத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எந்த மூலை தூக்கியிருக்கிறது, எந்த இடத்தில் டேப் பழுப்பாகத் தெரிகிறது என்று பார்த்து, அந்த டேப்பை அடுத்த பக்கத்துக்குத் தொடாதீர்கள்.