அலர்ஜென்: தூசிக்குள் ஒளிந்திருக்கும் ஒவ்வாமைப் புரதம்

"டஸ்ட் அலர்ஜி" என்பது இன்றைக்கு ஏறக்குறையத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் வரிசையாகத் தும்மல், கண் அரிப்பு, மழைக்காலம் வந்தால் குழந்தைக்கு இரைப்பு, எல்லாவற்றுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே பதில்தான்: தூசி ஒத்துக்காது. இது பாதி உண்மை. தூசி என்பது தெருமண், துணி நார், உதிர்ந்த தோல், முடி, பூஞ்சை வித்து, பூச்சிகளின் கழிவு என்று பலதும் சேர்ந்த கலவை. தெருமண் மூக்கில் போனால் உறுத்தும், தும்மல் வரும், ஆனால் அது அலர்ஜி இல்லை. அலர்ஜியைக் கிளப்புவது அந்தக் கலவைக்குள் இருக்கும் குறிப்பிட்ட சில புரதங்கள். வீட்டுக்குள் அவற்றில் முக்கியமானவை, கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணியிடமிருந்தும், நன்றாகவே தெரியும் கரப்பான் பூச்சியிடமிருந்தும் வருகின்றன. இப்படி அலர்ஜியை உண்டாக்கும் பொருளுக்குப் பொதுப்பெயர்தான் அலர்ஜென்.

முதலில் பிறந்தது அலர்ஜி. 1906இல் வியன்னாவில் குழந்தை மருத்துவராக இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கிய சொல். அந்தக் காலத்தில் தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். சில குழந்தைகளுக்கு ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டு வலியும் வந்தன, அதே சீரத்தை இன்னொரு முறை போட்டால் அவை சீக்கிரமே, இன்னும் கடுமையாக வந்தன. இதைப் பிர்கேயும் அவருடன் வேலை செய்த பேலா ஷிக்கும் கூர்ந்து கவனித்தார்கள். பொருளும் அதேதான், உடம்பும் அதேதான், உடம்பு பதில் சொல்லும் விதம்தான் மாறியிருக்கிறது. அந்த மாற்றத்துக்குப் பெயர் வைக்க, கிரேக்க மொழியில் 'வேறு' என்று பொருள்படும் அலோஸ், 'செயல்' என்று பொருள்படும் எர்கோன் இரண்டையும் சேர்த்தார் பிர்கே. வேறுபட்ட வினை என்பதுதான் நேர்ப்பொருள். உடம்பைக் காப்பாற்றும் மாற்றம், கெடுக்கும் மாற்றம் இரண்டையுமே அவர் அந்தச் சொல்லுக்குள் வைத்தார், பின்னால் வந்தவர்கள்தான் அதைக் கெடுதலுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

அலர்ஜென், ஆன்டிஜென் என்ற சொல்லின் அச்சில் வார்த்தது. உடம்பின் எதிர்ப்பைக் கிளப்பும் பொருள்தான் ஆன்டிஜென். கடைசியில் இருக்கும் 'ஜென்' என்பதும் கிரேக்கம்தான், பிறப்பிப்பது என்று பொருள். ஆக, அலர்ஜியைப் பிறப்பிப்பது அலர்ஜென், அவ்வளவுதான்.

சரி, தமிழுக்கு வருவோம். ஒவ்வாமை யாரோ அலர்ஜிக்காகப் புதிதாகச் செய்த சொல் இல்லை. ஒப்பு, ஒத்தல், ஒக்கும், ஒவ்வும் எல்லாம் ஒரே வேரில் வந்தவை, ஒன்றுபோல் இருத்தல், இசைந்து போதல் என்பது அடிப்படைப் பொருள். "பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா செய்தொழில் வேற்றுமை யான்" என்ற 972ஆம் குறளில் ஒக்கும், ஒவ்வா இரண்டுமே ஒரே மூச்சில் வருகின்றன, அங்கே ஒவ்வா என்றால் சமமாகாது. சமமாகாதது என்பதிலிருந்து பொருந்தாதது, அதிலிருந்து உடம்புக்குச் சேராதது என்று பொருள் நகர்ந்திருக்கிறது. பேச்சில் நாம் சொல்லும் 'ஒத்துக்கல', 'ஒத்துக்காது' இரண்டும் இதே குடும்பம்தான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 'பால் எனக்கு ஒத்துக்காது' என்று ஒருவர் சொன்னால் அது இரண்டு வெவ்வேறு சமாச்சாரமாக இருக்கலாம். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடலில் குறைவாக இருந்தால் வயிறு உப்பும், பேதியாகும், அதற்கும் நோயெதிர்ப்பு அமைப்புக்கும் தொடர்பில்லை. இன்னொருவருக்குப் பாலின் புரதத்தையே உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்கும், அதுதான் அலர்ஜி, சில நேரம் உயிருக்கே ஆபத்து. பேச்சு வழக்கில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் தப்பில்லை. ஆனால் மருத்துவம் எழுதும்போது அலர்ஜிக்கு மட்டும் ஒவ்வாமை என்று வைத்துக்கொண்டு, மற்றதைச் செரியாமை என்றோ தாளாமை என்றோ பிரித்து எழுதுவதுதான் வாசிப்பவருக்கு நல்லது.

அலர்ஜென்னுக்கு ஒவ்வாப்பொருள், ஒவ்வாமை ஊக்கி, ஒவ்வான் என்று பலவாறு எழுதுகிறார்கள். ஒவ்வாப்பொருள் என்றால் மேலே சொன்ன அதே குழப்பம், பால் சர்க்கரையும் அதற்குள் வந்துவிடும். ஒவ்வான் சின்னதாக இருக்கிறது, ஆனால் அடையாளம் தெரியாமல் ஒரு ஆளைச் சொல்வதுபோல் காதில் விழுகிறது. ஆன்டிஜென்னை உடற்காப்பு ஊக்கி என்று எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருப்பதால் அதே வரிசையில் ஒவ்வாமையூக்கி சரியாகப் பொருந்துகிறது. பென்சிலின் போன்ற மருந்துகளும் அலர்ஜி தரும், அவை புரதம் இல்லை, ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒவ்வாமையூக்கி. கரப்பான், உண்ணி, இறால், வேர்க்கடலை என்று வரும்போது ஒவ்வாமைப் புரதம் என்றே எழுதலாம், பொருள் கையில் எடுத்துக் கொடுத்தாற்போல் விளங்கும். புரதம் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பது அந்த உண்ணியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் தெரியும்.

வீட்டுத் தூசியில் அலர்ஜி தருவது எது என்று பல காலம் பிடிபடவில்லை. 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்து ஆய்வாளர்கள் ஃபோர்ஹோர்ஸ்ட்டும் ஸ்பீக்ஸ்மாவும் அவர்களது குழுவும் ஒரு உண்ணியைக் காட்டி, தூசியின் அலர்ஜென்னைச் செய்வது இதுவாக இருக்கலாம் என்றார்கள். அதன் அறிவியல் பெயர் டெர்மட்டோஃபேகாய்டஸ் டெரோனிசினஸ். பெயரின் முதல் பாதிக்கே தோலைத் தின்பது என்றுதான் பொருள். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, எட்டுக் கால், சிலந்தி வகையைச் சேர்ந்தது, பூச்சி இல்லை. கடிக்காது, ரத்தம் குடிக்காது. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை, காற்றில் உள்ள ஈரப்பதத்தைத்தான் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது, அதனால்தான் கடலோர ஊர்களும் மழைக்காலமும் அதற்குக் கொண்டாட்டம். வயலில் இதன் உறவினர்களைச் செம்பேன் என்றும் சிலந்திப்பேன் என்றும் விவசாயிகள் சொல்கிறார்கள். வீட்டில் இருப்பதற்குத் தூசி உண்ணி என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது, நாய் மாட்டில் ஒட்டும் உண்ணியும் இதைப்போலவே எட்டுக்கால் சிலந்தி வகைதான்.

தோலைச் செரிக்க உண்ணியின் குடலில் ஒரு நொதி சுரக்கிறது. அதுதான் டெர் பி 1, புரதங்களை வெட்டும் புரதம். செரிமானம் முடிந்ததும் நொதியோடு சேர்ந்தே கழிவு வெளியே வருகிறது, ஒரு மெல்லிய சவ்வுக்குள் சுற்றிய சின்ன உருண்டையாக. மகரந்தத் துகள் அளவுதான் இருக்கும். ஒரு உண்ணி நாளைக்கு இருபது உருண்டை வரை போடும். அலர்ஜென்னின் பெரும்பங்கு இந்தக் கழிவில்தான் இருக்கிறது என்று 1981இல் டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் மூவரும் எழுதினார்கள். தலையணையில் முகம் புதைத்துப் படுக்கும்போது அந்த உருண்டைகள் மேலே கிளம்பி மூக்குக்குள் போகின்றன. ஈரமான சளிப்படலத்தில் பட்டதும் புரதம் கரைந்து வெளியேறுகிறது, நொதியாக இருப்பதால் அங்கேயும் தன் வேலையைச் செய்கிறது: மூச்சுக்குழலின் உள்வரிசைச் செல்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் இணைப்புப் புரதங்களை வெட்டி இடைவெளி உண்டாக்குகிறது. தடுப்புச் சுவரைத் தானே திறந்துகொண்டு உள்ளே போகும் புரதம் இது.

உள்ளே போனபின் எல்லாருக்கும் தொந்தரவு வருவதில்லை. சிலரது உடம்பு மட்டும் அந்தப் புரதத்துக்கு எதிராக ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைச் செய்து வைக்கிறது. 1960களில் இஷிசாகா தம்பதி அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் இருவரும் ஸ்வீடனிலும் தனித்தனியே கண்டுபிடித்தது இது, 1968இல்தான் பெயர் நிலைத்தது. ஐஜிஈ போய் மாஸ்ட் செல் என்னும் செல்களின் மேல் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அதே புரதம் வந்து அதில் மாட்டினால் செல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். தும்மலும் அரிப்பும் இரைப்பும் அதற்கப்புறம்தான்.

கரப்பான் விஷயத்துக்கு வருவோம். இலங்கையில் கரப்பொத்தான், இங்கே சில ஊர்களில் பாச்சை. தமிழில் கரப்பான் என்றால் ஒரு தோல் நோயும்தான், 'கரப்பான் பண்டம் சாப்பிடாதே' என்று பெரியவர்கள் சொல்வது அந்த நோயை நினைத்து, பூச்சியை நினைத்து இல்லை. நம் வீடுகளில் இரண்டு வகை. சாக்கடையிலிருந்தும் கழிப்பறையிலிருந்தும் வரும் பெரிய செம்பழுப்பு நிறத்தது அமெரிக்கக் கரப்பான், பெயர் அப்படி இருந்தாலும் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சமையலறை அலமாரியிலும் பிரிட்ஜின் பின்புறத்து மோட்டார் சூட்டிலும் குடும்பம் நடத்தும் சின்னது ஜெர்மன் கரப்பான், கழுத்தருகில் இரண்டு கருங்கோடு இருக்கும். 1767இல் லின்னேயஸ் ஜெர்மனி பெயரைச் சேர்த்துவிட்டார். ஆனால் 2024இல் வந்த மரபணு ஆய்வின்படி ஏறக்குறைய 2100 ஆண்டுகளுக்கு முன் இந்தியா அல்லது மியன்மார் பக்கத்தில் ஆசியக் கரப்பானிலிருந்து பிரிந்த இனம் அது.

கரப்பானிடம் ஒவ்வாமைப் புரதம் ஒரே இடத்தில் இல்லை. எச்சில், கழிவு, உரித்துப்போட்ட தோல், செத்து உலர்ந்த உடல், முட்டைக்கூடு எல்லாவற்றிலும் உண்டு. அலமாரிக் கீலின் இடுக்கில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளி தெரிந்தால் அது ஜெர்மன் கரப்பானின் கழிவு, அதில் பிளா ஜி 1 என்ற புரதம் நிறைய இருக்கும். குடலில் சுரக்கும் புரதம் அது, பூச்சி எவ்வளவு தின்கிறதோ அதைப் பொறுத்துச் சுரப்பும் கூடும். இரவில் அடுப்பு மேடையில் விட்டுவைக்கும் சோற்றுப் பருக்கை நேராக இந்தக் கணக்கில்தான் போய்ச் சேர்கிறது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்க நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்த ஆய்வு ஒன்று 1997இல் காட்டியது. ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளில் 36.8 சதவீதத்தினருக்குக் கரப்பான் அலர்ஜி இருந்தது. அப்படி அலர்ஜியும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் புரதமும் அதிகமாக இருந்த குழந்தைகள் மற்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நெருக்கமான வீடு, ஒழுகும் குழாய், விரிசல் விட்ட சுவர் என்று வாழ வேண்டியிருக்கும் குழந்தையின் நுரையீரலில்தான் இது விடிகிறது, எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

இனி, இந்த டெர் பி, பிளா ஜி எல்லாம் என்ன பெயர்கள்? அறிவியல் பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் வரும் பேரினத்தின் முதல் மூன்று எழுத்து, சிற்றினத்தின் முதல் எழுத்து, அப்புறம் ஒரு எண். உலக சுகாதார நிறுவனமும் நோயெதிர்ப்பியல் சங்கங்களின் சர்வதேச ஒன்றியமும் சேர்ந்து நடத்தும் பெயரிடும் குழு இதைக் கவனிக்கிறது. பிளாட்டெல்லா ஜெர்மானிகா, ஆகவே பிளா ஜி. டெரோனிசினஸ் எழுத்தில் ஒலிக்காத p-யில் தொடங்குவதால் டெர் பி. பெரிய கரப்பான் பெரிப்பிளனெட்டா அமெரிக்கானா, ஆகவே பெர் ஏ. வெப்ப நாடுகளில் அதிகமுள்ள பிளோமியா டிராப்பிக்காலிஸ் என்ற உண்ணிக்கு பிளோ டி.

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி1, டி2, ஐ6 என்று வருபவை வேறு. அவை பரிசோதனைக் கூடத்தின் குறியீடுகள்: டி1 என்றால் மேலே சொன்ன தூசி உண்ணியின் முழுச் சாறு, டி2 அதன் அண்ணன் தம்பி இனம், ஐ6 ஜெர்மன் கரப்பான், ஐ206 அமெரிக்கக் கரப்பான். டி1ஐயும் டெர் பி 1ஐயும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது, முதலாவது பல புரதங்கள் சேர்ந்த சாறு, இரண்டாவது ஒற்றைப் புரதம். அறிக்கையில் ஐஜிஈ அளவு கூடியிருக்கிறது என்பதற்காகவே நோய் என்று சொல்லிவிடவும் முடியாது. உடம்பு ஐஜிஈ செய்து வைத்திருக்கிறது என்பதை மட்டுமே அறிக்கை காட்டும், தொந்தரவும் இருந்தால்தான் அலர்ஜி, அதை மருத்துவர்தான் பொருத்திப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இறால் சாப்பிட்டால் உதடு வீங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் இறால், நண்டு, கரப்பான், தூசி உண்ணி எல்லாவற்றிலும் மிக ஒத்த வடிவத்தில் இருக்கிறது, சமைத்தாலும் அழியாது. ஒன்றுக்கு எதிராக உடம்பு செய்த ஐஜிஈ மற்றதையும் பிடித்துக்கொள்ளும். மத விதிப்படி இறாலைத் தொடவே தொடாத யூதர்கள் சிலரின் ரத்தத்தில் இறால் புரதத்தைப் பிடிக்கும் ஐஜிஈ இருந்ததை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது, அவர்கள் தூசி உண்ணி அலர்ஜி உள்ளவர்கள்.

புரதம் என்று தெரிந்துகொண்டால் சுத்தம் செய்யும் முறையே மாறும். மருந்தடித்துக் கரப்பானைக் கொன்றாலும் அதன் புரதம் மாதக்கணக்கில் வீட்டிலேயே கிடக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுத்தால்தான் போகும், ஸ்பிரேயின் வாடையே ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பைக் கொண்டுவரும் என்பதால் ஜெல் மருந்தை இடுக்கில் வைப்பது மேல். மெத்தையை வெயிலில் போட்டால் உண்ணி வாடும், ஆனால் கழிவு உருண்டை அங்கேயே இருக்கும். படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் 60 டிகிரி சூட்டில் துவைத்தால் உண்ணியும் சாகும், புரதமும் தண்ணீரில் கரைந்து போகும். பச்சைத் தண்ணீரில் துவைத்தாலும் புரதத்தின் பெரும்பகுதி போய்விடும், உண்ணிதான் தப்பிக்கும். பூந்துடைப்பத்தால் வறட்டுப் பெருக்கல் பெருக்கினால் எல்லாம் காற்றில் ஏறும், அலர்ஜி உள்ளவர் அந்த நேரம் அறையில் இல்லாமல் இருப்பது நல்லது.

எழுதும்போது ஒவ்வாமை ஊக்கி என்று பிரித்தும் எழுதலாம், சேர்த்தால் யகர உடம்படுமெய் வந்து ஒவ்வாமையூக்கி ஆகும். ஒவ்வாமையுடன் புரதத்தைச் சேர்க்கும்போது நடுவில் ப் மிகும்: ஒவ்வாமைப் புரதம்.