‘எனக்கு ஈ.பி.எவ். வேண்டாம்’ என்று எழுதி வாங்கிய முதலாளிமாருக்கு

யாழ்ப்பாணத்தில் தொழில் வழக்குகளைப் பார்க்கிற சட்டத்தரணிகளுக்கு ஒரு தாள் நன்றாகப் பழக்கம். ‘எனது சுயவிருப்பத்தின் பேரில் ஊழியர் சேமலாப நிதியத்தில் (ஈ.பி.எவ்.) சேர விரும்பவில்லை, சம்பளத்தை முழுமையாகக் கையில் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதி, கீழே கையெழுத்து. சில கவனமான முதலாளிமார் முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்ததும் இந்தத் தாளைத்தான் பத்திரமாக உறையில் போட்டுக் கொண்டுவருகிறார்கள். இந்த மாதமும் ஒன்று வந்தது. இனிமேல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. முத்திரை ஒட்டினாலும் இல்லை, சமாதான நீதவான் முன்னிலையில் கையெழுத்து வைத்தாலும் இல்லை. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையில் பேசி முடிவுசெய்கிற விடயம் அல்ல. தொழிலாளி ‘வேண்டாம்’ என்று சொல்லுகிற உரிமையை அந்தச் சட்டம் அவருக்குக் கொடுக்கவே இல்லை. இல்லாத உரிமையை அவர் எப்படி உங்களுக்கு எழுதித் தருவார்? இதைவிட முக்கியமான ஒன்று, அந்தத் தாள் உங்களுக்கு எதிரான சாட்சியமாகவும் மாறலாம். இவர் உங்களிடம் வேலை செய்தார், இந்தத் திகதியில் வேலையில் இருந்தார், நீங்கள் நிதியத்துக்குக் கட்டவில்லை என்ற மூன்றையும் உங்கள் கையாலேயே கொண்டுவந்து நிறுவுகிறீர்கள். ‘அவரே கேட்டுத்தானே கொடுத்தேன்’ என்று சொல்லாதீர்கள். இருபத்தைந்து வயதுப் பிள்ளை கையில் கூடக் காசு கிடைக்கும் என்றால் எதில்தான் கையெழுத்து வைக்காது? அந்த வயதில் யாருக்கும், நிதியப் பணத்தை எடுக்கப் போகிற ஐம்பத்தைந்து வயது தெரிவதில்லை. அதனால்தான் சட்டம் அந்த முடிவைப் பிள்ளையின் கையிலும் விடவில்லை, உங்கள் கையிலும் விடவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம், முதலாளிமாருக்குக் கணக்குத்தான் விளங்கும். மாதச் சம்பளம் 40,000 ரூபா என்று வையுங்கள். தொழிலாளியின் பங்கு 8 சதவீதம், 3,200 ரூபா. உங்கள் பங்கு 12 சதவீதம், 4,800 ரூபா. நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்தது அந்த 4,800. பத்து வருடம் கழித்து முறைப்பாடு வந்தால் மாதம் 8,000 வீதம் 960,000 ரூபா கேட்கப்படும். தொழிலாளியின் 3,200 ரூபாவைத்தான் அன்றே கையில் கொடுத்துவிட்டீர்களே? அது கணக்கில் வராது. சம்பளம் கொடுத்தபோது கழிக்கத் தவறிய பங்கைப் பிறகு அவரிடம் திருப்பி வாங்கவும் முடியாது. இதற்கு மேல் மிகைக்கட்டணம். தாமதம் பத்து நாட்களுக்குள் என்றால் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம் வரை ஏறும். பத்து வருட நிலுவையில் பெரும்பகுதி 50 சதவீதத்தில்தான் விழும். மொத்தம் 14 இலட்சத்தைத் தாண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்குரிய (ஈ.ரி.எவ்.) 3 சதவீதம் இதில் சேரவில்லை, அது தனி. அதுவும் முழுக்க உங்கள் பங்கு, தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு சதம்கூடக் கழிக்கக்கூடாது. இது ஒரு தொழிலாளிக்கு வருகிற கணக்கு. கடையில் ஆறு பேர் நிற்கிறார்கள் என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கழித்தும் கட்டாதவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சம்பளச் சிட்டையில் 8 சதவீதம் கழித்துக் காட்டியிருக்கும், நிதியத்தில் ஒரு சதமும் இராது. அவர்களுக்காக நீதிமன்றத்தில் பேச எனக்கு வாய் வருவதில்லை. மற்றவர்களுக்குச் சட்டம் தெரியாது என்றாவது சொல்லலாம்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு வாதம் இருக்கிறது. ‘அந்தப் பிள்ளையின் தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு நான் ஐம்பதாயிரம் கொடுத்தேன், தகப்பனின் ஒப்பரேஷனுக்கும் நான்தான் காசு கட்டினேன், பொங்கலுக்குப் பொங்கல் உடுப்பு எடுத்துக் கொடுத்தேன், இப்போது எனக்கு எதிராக முறைப்பாடா?’ இதைச் சொல்லும்போது பலருக்குக் கண் கலங்குகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கொடுத்தது அன்பளிப்பு, கொடுக்காமல் விட்டது அவருடைய சொந்தப் பணம். ஒன்றை மற்றதில் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் நல்ல மனதை நான் குறை சொல்லவில்லை. நிதியத்துக்கு ஒழுங்காகக் கட்டியிருந்தால், தகுதியுள்ள உறுப்பினர் வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ தன் கணக்கிலிருந்தே 30 சதவீதம் வரை எடுத்திருப்பார். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து தலை குனிந்து நிற்க வேண்டி வந்திராது.

‘அவர் தற்காலிகம்’, ‘அவர் அரைநாள்தான்’, ‘இன்னும் நிரந்தரமாக்கவில்லை’ என்பவையும் உதவாது. ஈ.பி.எவ். முதல் நாளிலிருந்தே பொருந்தும். ஒரேயொரு ஊழியர் என்றாலும் பொருந்தும். சம்பளத்தை உடைத்து, அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கி, மீதியை விதவிதமான படிகளாக எழுதும் வித்தையும் பழையதுதான். வாழ்க்கைச் செலவுப் படியும் அதைப் போன்ற படிகளும் வருமானக் கணக்கில் சேரும், தரகுப்பணமும் துண்டுக்கூலியும் சேரும். சாப்பாட்டுக்கடை முதலாளிமார் கவனிக்க: நீங்கள் ஊழியருக்குக் கொடுக்கும் உணவின் பணப் பெறுமதியும் சேரும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் அங்குள்ள ஓய்வூதிய வழக்குகளைப் பற்றி அவ்வப்போது கேட்பதுண்டு. 2015இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த திபிள் வழக்கில், எடிசன் என்ற மின்சார நிறுவனத்தின் ஊழியர்கள், அதே முதலீடு குறைந்த கட்டணத்தில் கிடைக்கும்போது எங்கள் சேமிப்பைக் கூடிய கட்டண வகையில் போட்டீர்கள் என்று வழக்காடினார்கள். முதலீட்டைத் தெரிவு செய்வதோடு பொறுப்பு முடியாது, தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே கட்டிய பணத்தை எப்படிப் பராமரித்தீர்கள் என்று வழக்கு நடக்கிறது. இங்கே நாங்கள் இன்னும் கட்டினீர்களா இல்லையா என்பதிலேயே நிற்கிறோம். ஆனாலும் அந்தத் தொடர்ந்து கவனிக்கும் கடமை எங்களுக்கும் பொருந்தும். பதிவுசெய்த முதலாளிமாரும் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழை, முதலெழுத்து இடம் மாறிய பெயர், பழைய ஒன்பது எண் அட்டைக்கும் புதிய பன்னிரண்டு எண் அட்டைக்கும் இடையில் குழப்பம், ஒரே ஆளுக்கு இரண்டு உறுப்பினர் இலக்கம். பணம் கட்டப்பட்டிருக்கும், உரியவர் கணக்கில் இராது. பெண்கள் பணம் எடுக்கக்கூடிய ஐம்பது வயதில் ஒரு பெண் அதை எடுக்கப் போய் அலைகிறபோதுதான் பிழை தெரியவரும். ஊழியரை உறுப்பினராகப் பதியும் ஏ.பி.எச். படிவத்தை நிரப்பும்போது அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுத இரண்டு நிமிடம் போதும். தயவுசெய்து அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடுங்கள். திருமணம் முடித்த பிள்ளைகளிடம் பின்னுரித்தாளியை, அதாவது தமக்குப் பின் பணத்தைப் பெறுபவரை, மாற்றச் சொல்லுங்கள். மாதப் பங்களிப்பு அடுத்த மாதக் கடைசி நாளுக்குள் போய்ச் சேர வேண்டும்.

வேலையை விட்டு விலகும்போது முதலாளி கொடுக்க வேண்டிய பணிக்கொடை வேறு, ஈ.பி.எவ். வேறு. ஒன்று கட்டினால் மற்றது தேவையில்லை என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, முந்திய பன்னிரண்டு மாதத்தில் 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில், ஐந்து வருடம் முடித்தவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு நிறைவான வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளத்தின் அடிப்படையில். விலகி 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் 10 முதல் 30 சதவீதம் வரை மிகைக்கட்டணம். பதினைந்துக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள இடம் என்றாலும் தொழில் பிணக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபையின் கதவு திறந்தே இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே கடையை மருமகனிடம் விட்டிருப்பவர்களே, கம்பனியாகப் பதிந்திருந்தால் பணிப்பாளராக உங்கள் பெயர்தான் இருக்கிறது. கம்பனி செய்த குற்றத்துக்குப் பணிப்பாளரும் பதில் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து தொலைபேசியில் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றால் முடிந்துவிடாது.

கடைசியாக, திணைக்களக் கடிதம் வந்தால் அதை லாச்சிக்குள் போடாதீர்கள். நான் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டிய இடம் அந்த விசாரணைதான். சம்பளப் பட்டியல், வரவுப் பதிவேடு, கட்டிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோங்கள். தொகை பெரிதாக இருந்தால் தவணை கேட்பதையும் அங்கேயே கேளுங்கள். போகாமல் விட்டால், இவ்வளவு நிலுவை என்று தொழில் ஆணையாளர் எழுதும் சான்றிதழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே அந்தத் தொகை தண்டப்பணம் போல அறவிடப்படும், கணக்குச் சரியா பிழையா என்று நீதவான் புதிதாக ஆராயப்போவதில்லை. அந்தக் கட்டத்தில் என்னிடம் வருகிறவர்களுக்கு என்னால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம்.