அராஜகமும் அனார்க்கியும்: ‘ஒன் வேர்டு’ கேள்விகளில் மார்க் எங்கே போகிறது?

போட்டித் தேர்வுகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருவது என் வேலை. மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி., வங்கித் தேர்வு என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் படித்த பிள்ளைகள். ‘ஒன் வேர்டு சப்ஸ்டிடியூஷன்’, அதாவது நீளமான ஒரு விளக்கத்துக்கு ஈடான ஒரே ஆங்கிலச் சொல்லைக் கண்டுபிடிக்கும் கேள்வி, என்றதும் அவர்கள் முதலில் செய்வது, போனில் யாரோ அனுப்பிய நீளமான பட்டியலை எடுத்துவைத்து உருப்போடுவது. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் பக்கத்தில் ஒற்றைச் சொல்லில் தமிழ் அர்த்தம் இருக்கும். பலரைக் கவிழ்ப்பது அந்த ஒற்றைச் சொல்தான்.

ஒரு மாணவியின் நோட்டில் ‘அனார்க்கி – அராஜகம்’ என்று இருந்தது. மொழிபெயர்ப்பில் தவறே இல்லை. ஆனால் பயிற்சித் தாளில் ‘கொடுமையாக ஆளும் ஆட்சி’ எது என்ற கேள்விக்கு, ‘டிரனி’யை விட்டுவிட்டு ‘அனார்க்கி’யைக் குறித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “அராஜகம்னா அட்டூழியம் பண்றதுதானே சார்?” என்றாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் பேச்சில் அராஜகம் என்றால் அதுதான். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் ஒரு கேள்விக்கு 2 மதிப்பெண், தவறான விடைக்கு 0.50 கழிவு. அர்த்தம் தெரிந்த சொல்லாலேயே அவளுக்கு இரண்டரை மதிப்பெண் போயிருக்கும்.

அன்று பலகையில் அந்தத் தமிழ்ச் சொல்லையே பிரித்துக் காட்டினேன். வடமொழியிலிருந்து வந்த ‘அராஜக’த்தில் ‘அ’ என்றால் இல்லை, மீதி ராஜா. அரசன் இல்லாத நிலை. அனார்க்கியும் அச்சு அசல் அப்படியே கட்டப்பட்ட சொல். கிரேக்கத்தில் ‘அன்’ என்றால் இல்லை, ‘ஆர்க்கோஸ்’ என்றால் ஆள்பவர். ஆள்பவர் இல்லாததால் வரும் குழப்பத்தைத்தான் இரண்டு சொற்களும் முதலில் குறித்தன. பேச்சுத் தமிழில் மட்டும் அது அடாவடிக்கு நகர்ந்துவிட்டது.

இதே போன்ற குழி ‘ஆட்டோக்ரஸி’யிலும் உண்டு. ‘ஆட்டோ’ என்றால் தன், ‘க்ரஸி’ என்றால் ஆட்சி, ஆக தன்னாட்சி என்று கெட்டிக்காரப் பிள்ளைகளே எழுதிவிடுகிறார்கள். தன்னாட்சிக் கல்லூரி என்று பலகை வைத்திருக்கிறார்களே, அது ‘ஆட்டோனமஸ்’. அந்தச் சொல்லின் பின்பாதி ‘நோமோஸ்’, அதாவது சட்டம். தனக்கான விதியைத் தானே வகுத்துக்கொள்வது. ஆட்டோக்ரஸியோ தனி ஒருவர் கையில் எல்லா அதிகாரமும் குவிந்திருக்கும் ஆட்சி. அதற்குத் தமிழில் எதேச்சதிகாரம் என்று கச்சிதமான சொல்லே இருக்கிறது.

ஒலிகார்க்கி, ப்ளூட்டோக்ரஸி, அரிஸ்டோக்ரஸி மூன்றையும் சேர்த்தே படியுங்கள், ஏனென்றால் விடைத் தெரிவுகளில் சேர்ந்தே வரும். சிலர் ஆள்வது முதலாவது, பணக்காரர்கள் ஆள்வது இரண்டாவது, உயர்குடியினர் ஆள்வது மூன்றாவது. கேள்வியில் ‘சிலர்’ என்று இருக்கிறதா, ‘செல்வர்’ என்று இருக்கிறதா என்பதிலேயே விடை முடிந்துவிடும். ஜனநாயகமும் குடியரசும் ஒன்றல்ல என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் ஜனநாயகம் உண்டு. ஆனால் அரச பதவி பரம்பரையாக வருவதால் அது குடியரசு அல்ல.

இலக்கியச் சொற்களுக்குப் போனாலும் இதே துண்டுகள்தான் திரும்ப வரும். ‘ஆட்டோபயோகிராஃபி’யில் இருப்பது ஆட்டோக்ரஸியில் பார்த்த அதே ‘ஆட்டோ’. ‘அனானிமஸ்’ என்பதன் தொடக்கத்தில் அனார்க்கியின் அதே ‘அன்’: பெயர் இல்லாதது. தன் பெயரை மறைத்து வேறு பெயரில் எழுதினால் அது ‘சூடோனிம்’, நம் புனைபெயர். ரங்கராஜனுக்கு சுஜாதா போல.

இந்தப் பகுதியில் மாணவர்கள் அதிகம் தடுமாறுவது எலிஜி, யூலஜி, எபிடாஃப் மூன்றிலும்தான். மூன்றும் சாவு வீட்டுச் சொற்களாகத் தெரிவதால் பட்டியல்களில் எல்லாவற்றுக்கும் ‘இரங்கல்’ என்று போட்டுவிடுகிறார்கள். எலிஜி என்பது இழப்பை நினைத்து வருந்தும் பாட்டு. தந்தை பாரியை இழந்த மகளிர் ‘அற்றைத் திங்கள்’ என்று பாடினார்களே, புறநானூற்றின் 112-ஆம் பாடல், அதன் துறை கையறுநிலை, அதாவது இழப்பில் செயலற்றுப்போய் வருந்துவது. எலிஜி என்றால் எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும். யூலஜியில் ‘யூ’ என்றால் நல்ல, ‘லோகோஸ்’ என்றால் சொல், புகழ்ந்து பேசுவது. இறுதிச் சடங்கில் பேசுவதற்கே பெரும்பாலும் இந்தச் சொல் வந்தாலும், அதன் உள்ளே சாவு இல்லை. எபிடாஃபில் ‘டாஃபோஸ்’ என்றால் கல்லறை. கல்லறை மேல் பொறிக்கும் வாசகம். பாட்டு, பேச்சு, கல் என்று பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

‘போஸ்த்யூமஸ்’ கேள்வியும் அடிக்கடி வரும். ஆசிரியர் மறைந்த பிறகு வெளிவரும் நூல், தகப்பன் இறந்த பின் பிறக்கும் பிள்ளை இரண்டுக்கும் அதுவே சொல். விருதுக்கும் பொருந்தும்: காமராஜருக்கு 1976-இல் பாரத ரத்னா வந்தது அப்படித்தான்.

ஆகவே பட்டியலைத் தூக்கிப் போட வேண்டாம். ஒவ்வொரு சொல்லையும் ஒருமுறை உடைத்துப் பாருங்கள், உங்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் எழுதுங்கள், அப்புறம் தமிழ் அர்த்தத்தைச் சரிபாருங்கள். ஒரு நாளைக்குப் பத்துச் சொல் போதும். அந்த மாணவி இப்போது ‘அராஜகம்’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் அவளாகவே எழுதியிருக்கிறாள்: ‘ஆள ஆளில்லை’.