வெபினார்: விதை உதிர்ந்த சொல்

போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு அழைப்பிதழ் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'மாபெரும் இணையவழிக் கருத்தரங்கம்', அதன் கீழே 'ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் - செய்முறைப் பயிற்சி', கடைசி வரியில் 'கலந்துகொள்ளும் அனைவருக்கும் மின்சான்றிதழ்'. கணக்கு எழுதுவதே என் தொழில் என்பதால் ஆசையாகச் சேர்ந்தேன். ஒன்றேகால் மணி நேரம் ஒருவரே பேசினார், எங்கள் மைக்கையெல்லாம் அடைத்து வைத்திருந்தார்கள், செய்முறை என்று கடைசிப் பத்து நிமிடம் போர்ட்டல் திரையைக் காட்டினார்கள். கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஜிஎஸ்டிஆர்-2பி அட்டவணையில், அதாவது நமக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களிலிருந்து மாதாமாதம் வரும் பட்டியலில், ஒரு எண்கூடத் தெரியவில்லை. பேசியவர் விஷயம் தெரிந்தவர், அதில் குறையே இல்லை. ஆனால் உரை, கருத்தரங்கு, பயிற்சி என்று மூன்று வேறு வேறு காரியங்களை ஒரே பெயருக்குள் திணித்ததில் மூன்றுமே நடக்கவில்லை. இப்படி இணையத்தில் நடப்பதையெல்லாம் ஆங்கிலத்தில் வெபினார் என்கிறோமே, அன்று இரவுதான் அந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனேன்.

வெபினார் இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டியது. வலையைக் குறிக்கும் 'வெப்' முன்னால், 'செமினார்' பின்னால். 1990களின் பிற்பகுதியில் ஒருவர் கணினித் திரையை இன்னொருவர் இணையம் வழியே பார்க்கும் மென்பொருள்கள் வரத் தொடங்கின. அந்தக் காலத்தில்தான் இந்தச் சொல்லும் பிறந்தது. எரிக் கோர்ப் என்ற அமெரிக்கர் 1998இல் இதை வணிகக் குறியாகப் பதிவு செய்ய விண்ணப்பித்தார். சொல் பரவிய வேகத்தில் அது யாருடைய தனிச் சொத்தாகவும் நிற்கவில்லை, எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. நம் ஊரில் 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்த பிறகு கல்லூரி, சங்கம், அலுவலகம் என்று எல்லா அழைப்பிதழிலும் ஏறிக்கொண்டது.

சுவையான கதை 'செமினார்' பகுதியில்தான் இருக்கிறது. லத்தீனில் 'செமென்' என்றால் விதை. 'செமினாரியம்' என்றால் விதையைத் தூவி நாற்று வளர்க்கும் இடம். அட, நம் நாற்றங்கால்! இத்தாலியின் திரெந்து நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம் 1563இல், ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் இளைஞர்களைக் குருக்களாக வளர்த்தெடுக்கும் நிலையம் வேண்டும் என்று முடிவு செய்தபோது அதற்கு இந்தச் சொல்லைத்தான் வைத்தது. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் 'பையன் செமினரியில் படிக்கிறான்' என்று சொல்கிறார்களே, அதே சொல்தான், தமிழில் குருமடம். அப்புறம் 18ஆம் நூற்றாண்டில் கோட்டிங்கன் போன்ற ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் இதை எடுத்துக்கொண்டன. அங்கே செமினார் என்றால் பேராசிரியரைச் சுற்றிச் சில மாணவர்கள் உட்கார்ந்து, ஒருவர் தான் ஆராய்ந்ததை வாசிக்க, மற்றவர்கள் அதைக் கேள்வி கேட்டுத் துருவுவது. நம் கல்லூரிகளில் 'நாளைக்கு என் செமினார்' என்று மாணவர் பயந்துகொண்டே குறிப்பெடுப்பது அந்த வழக்கத்தின் மிச்சம்.

நாற்றங்கால் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். இடம் சின்னது, கவனிப்பு அதிகம். அங்கே வளர்வது அங்கேயே இருந்துவிடுவதில்லை, பறித்து வயலில் நட்டால்தான் அது பயிர். தொழிற்பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: செமினாரை வெட்டி 'வெப்'போடு ஒட்டியபோது 'செம்' என்ற முதல் துண்டு போய்விட்டது. விதை என்ற பொருள் அந்தத் துண்டில்தான் இருந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். செமினாருக்கு நாம் வைத்திருக்கும் கருத்தரங்கு நல்ல சொல். கருத்து, கருது என்ற வினையிலிருந்து வந்தது. அதற்குள் 'கரு' தெரிகிறதே, லத்தீன் விதையோடு சேர்த்துவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. அரங்கு என்பதோ பல பொருள் கொண்ட பழைய சொல். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருப்பதால் திருவரங்கம். ஆற்றின் நடுவில் உயர்ந்து நிற்கும் நிலம் அரங்கம். நெல்லைப் பக்கத்துப் பழைய வீடுகளில் உள்ளறைக்குப் பெயர் அரங்கு. குறளில் (401) அரங்கு என்பது வட்டாடக் கீறும் கட்டம்: நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவது, கட்டம் கீறாமல் காய் உருட்டுவது போல என்கிறார் வள்ளுவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடைக்கு அளவே கொடுத்திருக்கிறது, அந்தக் கால அளவுகோலில் ஏழு கோல் அகலம், எட்டு கோல் நீளம், ஒரு கோல் உயரம். தூணின் நிழல் அரங்குக்கு வெளியே விழும்படி விளக்கை வைத்தார்கள் என்பதையும் சொல்லத் தவறவில்லை. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முகம் இருட்டாகத் தெரியப் பேசும் ஒவ்வொருவரையும் பார்க்கும்போது எனக்கு அந்த விளக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆக, அரங்கு என்றால் எல்லை வகுத்து, அளந்து, முன்கூட்டியே அமைத்த இடம். கூட்டம் சேர்ந்துவிட்டால் அது அரங்கு ஆகிவிடாது.

வெபினாருக்கு வலையரங்கு, இணையரங்கு, இணையக் கருத்தரங்கு, இணையவழிக் கருத்தரங்கு என்று பல சொற்கள் புழங்குகின்றன. வலையரங்கு சுருக்கமானது, வலைப்பூ, வலைத்தளம் வரிசையில் உட்காரும். ஆனால் உள்ளே நடப்பது உரையா, நாட்டியமா என்று சொல்லாது. இணையரங்கு எனக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் மாநாடுகளில் ஒரே நேரத்தில் நடப்பவற்றை இணை அமர்வுகள் என்கிறோம், இதுவும் இணை அரங்கு என்று படிக்கப்பட்டுவிடும். இணையவழிக் கருத்தரங்குதான் என் தேர்வு. நீளம்தான், பரவாயில்லை, பொருள் தெளிவாக இருக்கிறது. ஆனால் வெபினார் என்று வருகிற எல்லாவற்றுக்கும் அதையே ஒட்டக் கூடாது. ஒருவர் பேச, மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவது இணையவழி உரை. பலர் கருத்து வைத்து, மறுத்து, கேள்வி கேட்டால்தான் கருத்தரங்கு. கலந்துகொள்பவர் கையால் செய்து பார்ப்பது பயிலரங்கு. தொழிற்பயிற்சிக்கு நமக்கு வேண்டியது பெரும்பாலும் கடைசிச் சொல்.

பெயரை முதலில் முடிவு செய்தால் பாதித் திட்டம் தானாக வந்துவிடும் என்பதை நான் அனுபவத்தில் பார்த்தேன். உரை என்றால் ஐந்நூறு பேர் வரட்டும், மைக்கை அடைத்து வைக்கலாம், 40 நிமிடத்தில் முடித்துக் கேள்விகளை எழுத்தில் வாங்கலாம். கருத்தரங்கு என்றால் நல்ல நெறியாளர் ஒருவர் வேண்டும், அவர் பேச்சாளராக இருக்கக் கூடாது. பயிலரங்குதான் உழைப்பு வாங்கும். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், ஒவ்வொருவர் திரையையும் வாங்கிப் பார்க்க வேண்டும். இதற்கு மென்பொருளில் வெபினார் என்ற வகையைவிடச் சாதாரணக் கூட்ட வகையே நல்லது. ஜூமில் வெபினார் வகையை எடுத்தால் வந்தவர்கள் வெறும் பார்வையாளர்கள், ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது.

எங்கள் வட்டாரத்தில் கணக்கு எழுதுபவர்கள் சிலர் சேர்ந்து நாங்களே ஒன்று நடத்திப் பார்த்தோம். தேதியில்தான் முதல் வாதம். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1க்குப் பதினொன்றாம் தேதி, வரி கட்டும் சுருக்கக் கணக்கான 3பி-க்கு இருபதாம் தேதி கடைசி நாள். இந்த நாட்களில் எங்களைப் போன்றவர்களுக்குச் சாப்பிடவே நேரம் இருக்காது. அதனால் 22ஆம் தேதி மாலை ஏழு மணி. அடுத்து, மாதிரிக் கொள்முதல் பதிவேடு ஒன்று தயாரித்து இரண்டு நாள் முன்பே அனுப்பினோம்: பத்து பில், அதில் இரண்டு 2பி-யில் வராது, ஒன்றில் ஜிஎஸ்டி எண் ஒரு எழுத்து மாறியிருக்கும். கண்டுபிடிப்பதுதான் வேலை. சொல்லித்தந்தவர் பேசியது மொத்தம் 20 நிமிடம், மீதி நேரமெல்லாம் அவரவர் திரை. காட்டும் திரையை 150 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி, ஒரு சமயத்தில் நான்கு நெடுவரிசைகளுக்கு மேல் தெரியாதபடி மறைத்து வைத்தோம், கைப்பேசியில் பார்ப்பவருக்கும் எண் படிக்கக் கிடைத்தது. ரௌட்டருக்குத் தனியாக ஒரு சிறு யுபிஎஸ் வாங்கியிருந்தோம். ஏழே முக்காலுக்கு மின்சாரம் போனபோது அதன் அருமை தெரிந்தது. எழுத்து மாறிய பில்லை வெகுநேரம் யாரும் பிடிக்கவில்லை. திருத்துறைப்பூண்டியிலிருந்து சேர்ந்த ஒரு அக்கா திடீரென்று மைக்கைத் திறந்து, "தம்பி, ஐந்தாவது பில்லைப் பாருங்க, ஓ இருக்கிற இடத்துல பூஜ்யம் போட்டிருக்கு" என்றார். அந்த ஒரு நிமிடத்தில் எல்லாரும் தங்கள் தங்கள் பதிவேட்டுக்குப் போய்த் தேட ஆரம்பித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து அரை மணி நேரம் மறுபடி கூடினோம். வந்தவர்கள் தங்கள் சொந்த வாடிக்கையாளர் கணக்கில் என்ன கண்டுபிடித்தார்கள் என்று சொன்னார்கள், பெயர்களை மறைத்துவிட்டு. இந்த மறுகூட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று அடுத்த முறைக்கான அழைப்பிதழ் அடிக்கும்போது கேட்டார்கள். நடவு என்று போடச் சொன்னேன். அப்படியே போட்டிருக்கிறார்கள்: 'இணையவழிப் பயிலரங்கு, 22ஆம் தேதி. நடவு, அடுத்த மாதம் 14ஆம் தேதிக்குப் பிறகு, புது 2பி வந்ததும். இடம் 25 பேருக்கு. கணினி அவசியம்.'